வாடாமல்லி இலை ஓரம் கருகுகிறது, மருந்து அடித்தும் நிற்கவில்லை

உச்சிப்புளி வீட்டுத்தோட்டம்:
ஆயுத பூஜைக்கு நம் வீட்டுப் பூவிலேயே மாலை கட்டலாம் என்று ஆனிக் கடைசியில் வாடாமல்லி விதைத்தேன். போன வருடத்துக் காய்ந்த பூவை உதிர்த்து எடுத்த விதை. குழித்தட்டில் மணலும் தொழு உரமும் போட்டு விதைத்ததில் நன்றாகவே முளைத்தது. நாலு இலை விட்டதும் கோகோபீட் (தேங்காய் மட்டையில் நார் எடுத்த பிறகு மிஞ்சும் தூள்) மட்டும் நிரப்பிய பைகளுக்கு மாற்றினேன். பதினைந்தே நாளில் அடி இலைகள் ஓரம் பழுத்துக் கருகி, இப்போது நடு இலைக்கும் ஏறிவிட்டது. உரக்கடையில் கொடுத்த பூஞ்சாண மருந்தை இரண்டு தடவை அடித்தாயிற்று. முப்பதில் பதினொன்று போய்விட்டது. போர் தண்ணீர்தான், காலையும் மாலையும் ஒவ்வொரு டம்ளர்.

தொண்டிக்காரன்:
ஆடிக் காற்றில் கடல் உப்பு வந்து படியும். வலை கட்டிப் பாருங்கள்.

உச்சிப்புளி வீட்டுத்தோட்டம்:
கடல் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது அண்ணே. அதோடு, துவைக்கிற கல் பக்கம் தானாக விழுந்து முளைத்த ஐந்து செடி முழங்கால் உயரம் நிற்கிறது. அதே காற்று, அதே போர் தண்ணீர். ஒரு இலைகூடக் கருகவில்லை.

தங்கச்சிமடம் நாற்றுக்காரர்:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி! விதை ஒன்று, தண்ணீர் ஒன்று, மாறினது மண்தான். பூஞ்சை என்றால் இலை நடுவிலும் புள்ளி விழும். முதிர்ந்த இலையில் ஓரம் மட்டும் தீய்ந்தால் உப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். கோகோபீட்டைக் கழுவினீர்களா? ஒரு பையில் நிறையத் தண்ணீர் ஊற்றி, அடியில் வடிவதைப் பிடித்து டி.டி.எஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) பாருங்கள். போர் தண்ணீரையும் தனியாகப் பாருங்கள்.

உச்சிப்புளி வீட்டுத்தோட்டம்:
கழுவவில்லை, ஊறவைத்து அப்படியே நிரப்பிவிட்டேன். போர் 1350. வடிந்தது 4200!

தங்கச்சிமடம் நாற்றுக்காரர்:
சரிதான். தேங்காய் மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்டு நார் எடுக்கிற இடங்கள் உண்டு. அந்தக் கழிவில் சோடியம் அப்படியே தங்கிவிடும். மேலே நீங்கள் உவர் தண்ணீரை டம்ளர் டம்ளராக ஊற்றியிருக்கிறீர்கள். தண்ணீரை வெயில் குடித்துவிடும், உப்பு பைக்குள்ளேயே நிற்கும். துவைக்கிற கல் பக்கம் மணல். வாளி வாளியாகத் தண்ணீர் போய் உப்பை அடியில் இறக்கிவிடுகிறது. மல்லிகை நாற்றிலும் நாங்கள் பார்க்கிறது இதுதான்: தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பாக இருந்தாலும் மணல் வடிந்தால் செடி பிழைத்துக்கொள்ளும்.

மருந்தை நிறுத்துங்கள். பிழைத்திருக்கிற செடியை வேர் மண்ணோடு எடுத்து, இரண்டு பங்கு ஓடை மணலும் செம்மண்ணும், ஒரு பங்கு நன்றாக மட்கிய தொழு உரமும் கலந்து நடுங்கள். கடற்கரை மணல் வேண்டாம். பச்சை ஆட்டுப்புழுக்கையும் வேண்டாம், அதிலும் உப்பு உண்டு. தினம் இரண்டு டம்ளருக்குப் பதில், மேல்மண் காய்ந்த பிறகு அடியில் ஒழுகும் வரை ஊற்றுங்கள். மழைத் தண்ணீர் கிடைத்தால் விடாதீர்கள். கோகோபீட்டை வீசவேண்டாம், கால்சியம் நைட்ரேட் உரம் கரைத்த தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்தால் கால்சியம் ஏறி சோடியத்தை வெளியே தள்ளும். அப்புறம் வடிநீர் டி.டி.எஸ் இறங்கும் வரை அலசுங்கள்.

சாயல்குடி அக்கா:
எனக்கு விதையே முளைக்க மாட்டேன் என்கிறது. பஞ்சு மாதிரி இருக்கிறதே, அப்படியே போடலாமா?

தங்கச்சிமடம் நாற்றுக்காரர்:
அந்தப் பஞ்சுக்குள்தான் விதை இருக்கிறது அக்கா. ஊதாவாகத் தெரிவதெல்லாம் காகிதம் மாதிரியான செதில். உண்மையான பூ அதற்கு நடுவே பொடியாக எட்டிப்பார்க்கும். செதில் என்பதால்தான் வாடுவதில்லை. மணலோடு சேர்த்துக் கசக்கி, ராத்திரி ஊறவைத்து, மேலே மண் லேசாகத் தூவினால் போதும். ஈரம் காயாமல் இருந்தால் பத்துப் பதினைந்து நாளில் வரும்.

உச்சிப்புளி வீட்டுத்தோட்டம்:
மண் மாற்றிப் பதினாறு நாள் ஆயிற்று. பத்தொன்பதும் நிற்கிறது. கருகிய இலை கருகியதுதான், புதுத் துளிர் சுத்தமாக வருகிறது. வடிநீர் 1600. நுனி கிள்ளலாமா?

தங்கச்சிமடம் நாற்றுக்காரர்:
கிள்ளினால் பக்கக் கிளை விட்டுப் பூ கூடும், ஆனால் பூக்க நாள் தள்ளும். ஆயுத பூஜைக்கு வேண்டுமென்றால் பாதியைத் தொடாதீர்கள்.

உச்சிப்புளி வீட்டுத்தோட்டம்:
அம்மா நேற்றே பதினாலைக் கிள்ளிவிட்டார்கள். மீதி ஐந்துக்கும் துவைக்கிற கல் பக்கத்துச் செடிக்கும் இன்றைக்கே வேலி கட்டுகிறேன்.