சூரமங்கலம் வீடு: ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷன்

ஞாயிறு, மாலை 5.02

பெரியப்பா: எல்லாரும் வந்தாச்சா? இன்றைக்கு இரண்டு படம், எந்த ஸ்டேஷன் என்று சொல்ல வேண்டும். முதல் படம் சுலபம். இரண்டாவதுக்கு ஒரு தட்டுவடை செட் பந்தயம். விதி பழையதுதான், படத்தைக் கூகுளிடம் காட்டிக் கேட்கக் கூடாது. கவி, உன்னைத்தான் சொல்கிறேன்.

கவி: ஒரே ஒரு தடவை பெரியப்பா. அதை இன்னும் விடமாட்டீர்களா?

தினேஷ்: ராயபுரத்தை இரண்டே நொடியில் சொன்னவள் ஆச்சே.

கவி: முகப்பில் இருக்கும் தூண் வரிசையைப் பார்த்துச் சொன்னேன். 1856இல் திறந்த ஸ்டேஷன், யாருக்குத்தான் தெரியாது?

தினேஷ்: 1856 என்றும் தூணிலேயே எழுதியிருந்ததா? 😂

பெரியப்பா: [படம்]

பெரியப்பா: பெயர்ப் பலகையில் மூன்று மொழியையும் மஞ்சள் பூசி மறைத்திருக்கிறேன். சொல்லுங்கள்.

மணி மாமா (ஓமலூர்): பச்சைப் பசேல் என்று இருக்கிறது மச்சான். ஊட்டிப் பக்கம்.

தினேஷ்: பெரியப்பா, பெயரை மறைத்தவர் கீழே உயரத்தைக் கோட்டை விட்டுவிட்டீர்கள். படம் மங்கல், எண்ணைப் படிக்க முடியவில்லை. ஆனால் நாலு இலக்கம் என்பது தெரிகிறது.

பெரியப்பா: அடடா.

தினேஷ்: கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே தமிழ்நாட்டில் ரயில் ஏறுவது நீலகிரியில் மட்டும்தான். மாமா சொன்னது சரி, ஆனால் எந்த ஸ்டேஷன்?

செல்வி சித்தி (ஏற்காடு): எங்கள் ஊருக்கும் ரயில் உண்டு, மறந்துவிடாதீர்கள். பெயர் ஏற்காடு எக்ஸ்பிரஸ். சென்னைக்கும் ஈரோட்டுக்கும் ஓடும். மலை ஏறுவது மட்டும் கிடையாது. சேலம் ஜங்ஷனில் நம்மைத் தூக்கக் கலக்கத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். மீதி 20 கொண்டை ஊசி வளைவும் நம் பாடு.

மணி மாமா (ஓமலூர்): பேர் வைத்தவன் சோறு வைக்கவில்லை.

கவி: இருங்கள், இருங்கள். தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த சட்டம் இல்லை பாருங்கள். கல்லாரிலிருந்து குன்னூர் வரைக்கும்தான் அது வரும். அப்படியானால் இது குன்னூருக்கு மேலே. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டி.

மணி மாமா (ஓமலூர்): ஊட்டி. முடிந்தது.

கவி: ஊட்டியோடு பாதை முடிந்துவிடும் மாமா. இங்கே இரண்டு பக்கமும் போய்க்கொண்டே இருக்கிறது. பின்னால் பள்ளத்தாக்கு முழுக்கக் காய்கறித் தோட்டம். கேத்தி.

பெரியப்பா: கேத்தியேதான். இதைக் கூகுள் சொல்லியிருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

தினேஷ்: அடுத்த வாரம் படம் வேண்டாம் பெரியப்பா, ஸ்டேஷன் கோடு வைத்து ஆடலாம். எஸ்.ஏ. என்றால் சேலம், ஜே.டி.ஜே. என்றால் ஜோலார்பேட்டை, அந்த மாதிரி.

செல்வி சித்தி (ஏற்காடு): கோடு மட்டும் வேண்டாம்.

மணி மாமா (ஓமலூர்): ஏன் வேண்டாம் என்று நான் சொல்லட்டுமா? திருப்பதிக்கு மொட்டை போடக் குடும்பத்தோடு கிளம்பினார்கள். இந்தம்மா போனில் டி.பி.டி. என்று போட்டு டிக்கெட் எடுத்துவிட்டது. டி.பி.டி. திருப்பத்தூர். திருப்பதிக்குக் கடைசியில் இன்னொரு ஒய் வேண்டும்.

செல்வி சித்தி (ஏற்காடு): ஏழு மலைக்குப் பதில் ஏலகிரியைப் பார்த்துவிட்டு வந்தோம். போதுமா? இரண்டாவது படத்தைப் போடுங்கள் மாமா.

மாலை 5.31

பெரியப்பா: [படம்]

பெரியப்பா: கறுப்பு வெள்ளை. பழைய பெட்டி ஒன்றைக் குடையும்போது கிடைத்தது. ஒரு பக்கத்தை வெட்டித்தான் போட்டிருக்கிறேன். பலகை படத்திலேயே இல்லை. முடிந்தால் சொல்லுங்கள்.

தினேஷ்: மேலே மின்கம்பி இல்லை. அதனால் பழைய காலம் என்பதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தாழ்வான பிளாட்பாரம், ஒரு கல் பெஞ்சு. பின்னால் வெள்ளையாகக் குவியல் குவியலாக ஏதோ கிடக்கிறது.

மணி மாமா (ஓமலூர்): உப்பு. தூத்துக்குடி. நான் வேலை விஷயமாகப் போயிருக்கிறேன், இதே மாதிரிதான் குவித்து வைத்திருப்பார்கள். தட்டுவடை செட்டில் பீட்ரூட் தூக்கலாக வேண்டும்.

பெரியப்பா: மாப்ள, உப்பளத்துக்குப் பின்னால் இவ்வளவு பெரிய மலை எப்படி வந்தது?

மணி மாமா (ஓமலூர்): அது மேகமாக இருக்கும்.

கவி: மேகத்தில் மரம் முளைத்திருக்கிறதே மாமா.

தினேஷ்: சங்ககிரி ஸ்டேஷன், சங்கரிதுர்க்? சுண்ணாம்புக்கல், சிமென்ட் எல்லாம் அந்தப் பக்கம்தானே.

பெரியப்பா: சங்ககிரி மலை தனியாக நிற்கும், மேலே கோட்டைச் சுவர் தெரியும். ஈரோடு போகும்போது ஜன்னலில் பார்த்ததில்லையா? இது நீளமான மலை. உச்சியும் கூர்மையாக இல்லை, வெட்டிவிட்ட மாதிரி தட்டையாக ஓடுகிறது பார்.

கவி: அப்படியென்றால் சேர்வராயன்! பெரியப்பா, லோகூரா? டேனிஷ்பேட்டையா? அங்கேதானே மலை பக்கத்தில் வரும்.

பெரியப்பா: மலை சரி. ஸ்டேஷன் தப்பு.

செல்வி சித்தி (ஏற்காடு): ஓரத்தில் யாரோ ஒரு அம்மாவின் கால் தெரிகிறதே, யார் அது? வெள்ளைக் கரை போட்ட புடவை.

பெரியப்பா: யாரோ ஒரு பயணி. ரயில் கார்டு வேலையில் நான் பார்க்காத காலா?

மாலை 5.48

கவி அம்மா: அம்மாயி பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பிடுங்குகிறார்கள். படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்கிறார்கள். பாலு, நீ அடித்துக் கொடு.

அம்மாயி (பாலு அடிக்கிறேன்): இது என் கால்.

தினேஷ்: என்னது?

அம்மாயி (பாலு அடிக்கிறேன்): வலது கால் கொலுசைப் பெரிசு பண்ணிப் பார். திருகாணி தொலைந்துபோய் ஊக்கு மாட்டியிருந்தேன். செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்ச் சரிபண்ணிக்கொண்டு வருகிறேன் என்று உங்கள் தாத்தா ஆறு மாதம் சொன்னார்.

கவி: ஐயோ, ஊக்கு தெரிகிறது! நிஜமாகவே தெரிகிறது!

அம்மாயி (பாலு அடிக்கிறேன்): புடவைக்கு வெள்ளைக் கரையும் கிடையாது ஒன்றும் கிடையாது. கருநீலக் கரை. அது வெள்ளைக்கல் தூசி. வீட்டிலிருந்து நடந்து வருவதற்குள் கணுக்கால் வரைக்கும் ஏறிவிடும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போனால் நரைத்த கிழவியாக ரயில் ஏற வேண்டியதுதான். என் அண்ணன் அங்கே சூளையில் வேலை பார்த்தார், சாயங்காலம் வந்தால் புருவம்கூட வெள்ளையாக இருக்கும். மாப்பிள்ளை, இது மேக்னசைட் ஸ்டேஷன். எனக்கே பரீட்சையா?

பெரியப்பா: தோற்றேன் அத்தை. மேக்னசைட் ஜங்ஷனேதான்.

தினேஷ்: அது எங்கே பெரியப்பா? சேலத்தில் பிறந்து கேட்கிறேன், திட்டாதீர்கள்.

பெரியப்பா: சேலம் ஜங்ஷனை விட்டு ஜோலார்பேட்டைப் பக்கம் கிளம்பினால் முதலில் வருவது. ஓமலூர் பாதையும் அங்கேதான் பிரிகிறது. பெரிய வண்டி எதுவும் நிற்காது, அதனால் உங்கள் கண்ணில் பட்டிருக்காது. ஊர்ப் பெயரை வைக்காமல் மண்ணுக்குள் இருக்கும் கல்லின் பெயரை வைத்த ஸ்டேஷன். வெள்ளைக்கல் என்று நாம் சொல்வதுதான் மேக்னசைட். அதைச் சூளையில் சுட்டு, இரும்பு உருக்கும் உலைக்கு உள்பக்கம் வைக்கிற செங்கல் செய்வார்கள். எவ்வளவு சூட்டையும் தாங்கும். எனக்கு அந்த ஸ்டேஷன் என்றால் ராத்திரிதான் ஞாபகம் வரும். நிலா வெளிச்சத்தில் குவியல் எல்லாம் பளபளவென்று இருக்கும், விளக்கே தேவைப்படாது.

கவி: அம்மாயி, எங்கே கிளம்பினீர்கள் அன்றைக்கு?

அம்மாயி (பாலு அடிக்கிறேன்): பொம்மிடிக்கு, கல்யாணத்துக்கு. பாசஞ்சர் வண்டி வர நேரமானது. வாடகைக் கேமராவில் படச்சுருள் மிச்சம் இருக்கிறதென்று எடுத்தார். வெட்டின பக்கத்தையும் போடுங்கள் மாப்பிள்ளை, குழந்தை அழுதுகொண்டிருக்கும்.

பெரியப்பா: [படம்]

பெரியப்பா: முழுப் படம். பின்பக்கம் தாத்தா கையெழுத்தில் 1977 என்று இருக்கிறது.

செல்வி சித்தி (ஏற்காடு): அம்மா எவ்வளவு ஒல்லி! நான் எங்கே?

அம்மாயி (பாலு அடிக்கிறேன்): நீ பிறக்கவே இல்லை. இடுப்பில் இருப்பது மணி.

தினேஷ்: ஒரு நிமிஷம். மணி மாமாவா?

கவி: மாமா, தூத்துக்குடி எப்படி இருந்தது? 😂😂

மணி மாமா (ஓமலூர்): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தினேஷ்: மாமா எதை நீக்கினீர்கள்?

மணி மாமா (ஓமலூர்): ஒரு வயசுக் குழந்தைக்கு உப்புக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியுமாடா?

கவி அம்மா: அம்மாயி சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்துவிட்டு வருகிறேன்.

மாலை 6.24

செல்வி சித்தி (ஏற்காடு): [படம்]

செல்வி சித்தி (ஏற்காடு): கேட்டதும் மனசு கேட்கவில்லை, லேடீஸ் சீட் காட்சிமுனை வரைக்கும் நடந்து வந்தேன். கீழே சேலத்தில் விளக்கு போட ஆரம்பித்துவிட்டார்கள். நடுவில் பட்டை பட்டையாக வெள்ளைத் திட்டுகள் தெரிகிறது பாருங்கள். இத்தனை வருஷம் வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அதைக் காட்டி, வீட்டுமனை போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா: அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு ஊர்கிறதே, வண்டியா?

செல்வி சித்தி (ஏற்காடு): வண்டிதான். கூட்ஸ் போலிருக்கிறது. முடியவே மாட்டேன் என்கிறது.

பெரியப்பா: அத்தை, பந்தயம் உங்களுக்குத்தான். ராத்திரி வரும்போது தட்டுவடை செட் வாங்கி வருகிறேன்.

அம்மாயி (பாலு அடிக்கிறேன்): எனக்குத் தட்டுவடையைக் கடிக்கப் பல் எங்கே இருக்கிறது? நொறுக்கிப் போட்டுச் சட்னியில் ஊற வைத்துத் தரச் சொல்லுங்கள். மணிக்கும் ஒன்று வாங்குங்கள். அன்றைக்கும் பசியில்தான் அழுதான்.