புதுப்பிப்பு: சல்சா வகுப்பு வாரம் ஒன்றா, மூன்றா?

நானும் கணவரும் சல்சா என்ற ஜோடி நடனத்தைக் கற்கத் தொடங்கியபோது, வாரம் மூன்று வகுப்பு போகலாமா, ஒன்று போதுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது 'வாரம் ஒரு வகுப்பு, தினமும் கால் மணி நேரம் வீட்டில்' என்ற யோசனைதான். மூன்று வகுப்பு போனால், பழைய அடவு உடம்பில் ஏறுவதற்குள் புதியது வந்துவிடுகிறது. வீட்டிலோ பேசிக் ஸ்டெப்பும் (முன்னும் பின்னும் வைக்கும் அடிப்படைக் காலடி) கிராஸ் பாடி லீடும் (ஜோடியைத் தன்னைக் கடந்து மறுபக்கம் போகவைப்பது) மட்டும்தான். முதலில் பாட்டில்லாமல் ஒன்று-இரண்டு-மூன்று, ஐந்து-ஆறு-ஏழு என்று வாய்விட்டு எண்ணுவோம். அப்புறம் மெதுவான பாட்டுக்கு ஆடுவோம். நான்கிலும் எட்டிலும் காலடி கிடையாது. அங்கே பொறுக்கப் பழகியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எதிர்பாராதது ஒன்று உண்டு. வீட்டில் சுலபமாக வந்த சுழற்சி, வகுப்பில் ஜோடி மாற்றியதும் வரவில்லை. வீட்டில், சுழலச் சொல்லிக் கணவர் கையை உயர்த்தும் முன்பே பழக்கத்தில் சுழன்றுவிடுவேன். புது ஆளிடம் அது எடுபடுமா? ஜோடி மாற்றி ஆடும் வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள் என்று ஒருவர் சொன்னது இதற்குத்தான் போல. தனி வகுப்பு யோசனையை இன்னும் முயலவில்லை, கட்டணம் கொஞ்சம் இடிக்கிறது.

வகுப்பு ஒரு வாரம் விட்டுப்போனால் பெரிதாகத் தெரிவதில்லை. வீட்டுப் பயிற்சி விட்டுப்போனால் உடனே தெரிகிறது. இன்னொன்று, வீட்டுத் தரையில் வெறுங்காலோடு சுழன்றால் பாதம் ஒட்டிக்கொண்டு முட்டியை இழுக்கிறது. சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.