ரீஜெனரேட்டர் ஒரு முறை வேலை செய்தது, அடுத்த முறை செய்யவில்லை. ஏன்?

குளத்துமீன்:
போக்கேமான் ஸ்கார்லெட் வீடியோ கேமில் அலோமோமோலா என்ற நீர் வகைப் போக்கேமான் ஒன்று வைத்திருக்கிறேன். அதன் அபிலிட்டி (தானாகவே வேலை செய்யும் தனித்திறன்) ரீஜெனரேட்டர். களத்தை விட்டு வெளியே வந்தாலே மொத்த ஹெச்பியில் (உயிர்ப் புள்ளிகள்) மூன்றில் ஒரு பங்கு ஏற வேண்டும். லெவல் 50இல் இதற்கு 240 ஹெச்பி, அதாவது ஒவ்வொரு முறையும் 80. நேற்று நண்பனோடு ஆடும்போது 150இல் இருந்தது, ஃப்ளிப் டர்ன் (எதிரியை அடித்துவிட்டு உடனே வெளியேறும் மூவ்) போட்டு வெளியே வந்ததும் 230 ஆனது. கொஞ்ச நேரம் கழித்து 97இல் மறுபடியும் ஃப்ளிப் டர்ன். இரண்டு டர்ன் கழித்து உள்ளே இறக்கினால் அதே 97! ஒரு புள்ளிகூட ஏறவில்லை. அடுத்த அடியிலேயே சுருண்டுவிட்டது. ஆட்டத்தில் ஏதாவது பிழையா, இல்லை நான்தான் எதையோ கவனிக்கவில்லையா?

தூங்குமூஞ்சி:
அபிலிட்டி ஹீலர் இல்லையே? பெயரைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். அலோமோமோலாவுக்கு வழக்கமாகக் கிடைப்பது ஹீலர் அல்லது ஹைட்ரேஷன்தான். ஹீலர் பக்கத்தில் நிற்கும் கூட்டாளியின் விஷம், முடக்கம் போன்றவற்றைத்தான் சரிசெய்யும், அதுவும் 30% வாய்ப்பில். தன் ஹெச்பியைத் தொடவே தொடாது. ரீஜெனரேட்டர் மறைந்திருக்கும் அபிலிட்டி.

குளத்துமீன்:
இல்லை, அபிலிட்டி பேட்ச் (மறைந்திருக்கும், அதாவது வழக்கமாகக் கிடைக்காத அபிலிட்டியைத் தரும் பொருள்) கொடுத்து மாற்றினேன். விவரப் பக்கத்தில் ரீஜெனரேட்டர் என்றுதான் இருக்கிறது. முதல் முறை 80 ஏறியதே.

புல்வெளி:
எதிரி ஸ்டெல்த் ராக் போட்டிருப்பார். வெளியே போனபோது ஏறியது, உள்ளே வரும்போது கல் குத்தி இறங்கியிருக்கும்.

மூன்றாவது பந்து:
கணக்கு ஒத்துவரவில்லை. நீர் வகைக்கு ஸ்டெல்த் ராக் எட்டில் ஒரு பங்கு, அதாவது 30. 97 + 80 − 30 = 147 காட்டியிருக்க வேண்டும். அச்சாக 97 என்றால் ஏறவே இல்லை என்றுதான் அர்த்தம். குளத்துமீன், அந்த இரண்டாவது ஃப்ளிப் டர்னை யார் மேல் போட்டீர்கள்?

குளத்துமீன்:
ஓய்ங்கோலோன். அந்தப் பன்றி.

மூன்றாவது பந்து:
கறுப்பா, பழுப்பா?

குளத்துமீன்:
கறுப்பு. நிறத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மூன்றாவது பந்து:
அங்கேதான் விஷயம். கறுப்பு என்றால் ஆண். ஆணுக்கு லிங்கரிங் அரோமா என்ற அபிலிட்டி இருக்கலாம். பெண்ணுக்கு அது கிடையாது. அந்தப் பன்றியை யார் தொட்டு அடித்தாலும் அடித்தவரின் அபிலிட்டியும் லிங்கரிங் அரோமாவாக மாறிவிடும். ஃப்ளிப் டர்ன் உடம்பில் மோதும் மூவ். என்ன நடந்திருக்கும் பாருங்கள்: அலோமோமோலா போய் மோதியது, வாசனை ஒட்டிக்கொண்டது, ரீஜெனரேட்டர் போயிற்று, அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. வெளியேறும் நொடியில் என்ன அபிலிட்டி இருக்கிறதோ அதுதான் கணக்கு. பெஞ்சுக்கு வந்ததும் பழைய அபிலிட்டி திரும்பிவிடும், அதனால்தான் பிறகு பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. வாசனை ஒட்டியதும் திரையில் ஒரு வரி வந்திருக்குமே?

குளத்துமீன்:
ஏதோ வந்தது... நான் ஏ பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தேன். :(

தூங்குமூஞ்சி:
போதாக்குறைக்கு ரீஜெனரேட்டர் வேலை செய்யும்போது எந்த அறிவிப்பும் வராது. சத்தமில்லாமல் ஏறும். ஏறாதபோதும் அதே சத்தமின்மை. அணிப் பட்டியலைத் திறந்து எண்ணைப் பார்த்தால்தான் உண்டு. பழைய ஆட்டங்களில் கோஃபாக்ரிகஸ் என்ற போக்கேமானின் மம்மி அபிலிட்டியிடம் நான் இதேபோல் மாட்டியிருக்கிறேன், தொட்டால் நாமும் மம்மி.

குளத்துமீன்:
சரி, அப்புறம் என்னதான் செய்வது? ஃப்ளிப் டர்னை விட மனசில்லை.

மூன்றாவது பந்து:
விட வேண்டாம். ஓய்ங்கோலோன் எதிரில் நிற்கும்போது மட்டும் மூவ் போடாமல் கையால் ஸ்விட்ச் செய்யுங்கள். தொடாததால் 80 வந்துவிடும். ஆனால் ஃப்ளிப் டர்னில் அலோமோமோலா அடி வாங்கிவிட்டு வேறொன்றைப் பத்திரமாக இறக்கும். கையால் மாற்றினால் புதிதாக வருவது அந்த அடியை வாங்கும். அபிலிட்டி ஷீல்டு என்ற பொருளைக் கையில் கொடுத்தால் அபிலிட்டி மாறவே மாறாது. ப்ரொடெக்டிவ் பேட்ஸும் தொடுவதால் வரும் விளைவைத் தடுக்கும். ஆனால் கையில் ஒரு பொருள்தான் வைக்கலாம், ஒரே ஒரு பன்றிக்காக, டர்னுக்கு டர்ன் கொஞ்சம் ஹெச்பி ஏற்றும் லெஃப்ட்ஓவர்ஸைக் கழற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேறு ஆள் தேடினால் ஸ்லோகிங் இருக்கிறது. அதற்கும் ரீஜெனரேட்டர் மறைந்திருக்கும் அபிலிட்டி. சில்லி ரிசெப்ஷன் என்ற மூவில் அது யாரையும் தொடாமலே வெளியே வரும்.

புல்வெளி:
என் ஸ்டெல்த் ராக் தியரியை வாபஸ் வாங்குகிறேன். கூடவே ஒரு சந்தேகம். ரீஜெனரேட்டர் உள்ள என் டாக்ஸாபெக்ஸ், வீசிங் எதிரில் நின்றபோது எதையும் தொடாமல் வெளியே வந்தும் ஏறவில்லை. அதுவும் இதேதானா?

மூன்றாவது பந்து:
அது வேறு. வீசிங்கின் நியூட்ரலைசிங் கேஸ் அபிலிட்டி. அது களத்தில் நிற்கும்வரை தொட்டாலும் தொடாவிட்டாலும் மற்றவர்களின் அபிலிட்டி அணைந்தே கிடக்கும், கையால் ஸ்விட்ச் செய்தும் பலனில்லை. வீசிங்கை வீழ்த்த வேண்டும், இல்லாவிட்டால் அபிலிட்டி ஷீல்டு. அங்கே நான் ஷீல்டு கொடுப்பேன்.

குளத்துமீன்:
அதே நண்பனை அழைத்து, அதே ஓய்ங்கோலோனை இறக்கச் சொல்லிப் பார்த்தேன். 112இல் ஃப்ளிப் டர்ன்: 112. உள்ளே இறக்கி, ஓர் அடி வாங்கி 61, கையால் ஸ்விட்ச்: 141. இந்த முறை அந்த வரியையும் படித்தேன். நன்றி எல்லோருக்கும். நண்பனுக்கே அவன் பன்றிக்கு இப்படி ஒரு அபிலிட்டி இருப்பது தெரியவில்லை. நான் இன்னும் சொல்லவில்லை.