வடக்கு அல்பேனியா: கோமான் ஏரி, வல்போனா, தெத்துக்கு 5 நாளில் அம்மாவோடு போய்வர முடியுமா?

கேள்வி: நடைவண்டி

செப்டம்பர் நடுவில் இத்தாலியில் இருப்போம். ரோம், வெனிஸ் எல்லாம் முடிந்த பிறகு 5 நாள் மீதம் இருக்கிறது. அதை அல்பேனியாவின் வடக்கு மலைப்பகுதியில் செலவிட ஆசை. கோமான் ஏரியில் படகு, பிறகு வல்போனா மலைக்கிராமம், அங்கிருந்து கணவாய் ஏறி தெத் கிராமம் என்று யோசித்திருக்கிறேன். உடன் வருவது அம்மா, வயது 63. சமதளத்தில் நன்றாக நடப்பார், இறக்கத்தில் முழங்கால் வலிக்கும். இருவரும் சைவம். இந்தியப் பாஸ்போர்ட், ஷெங்கன் விசா இருக்கிறது. அல்பேனியாவுக்குத் தனி விசா வேண்டுமா? எந்த வரிசையில் போனால் நல்லது? அம்மாவால் கணவாயைக் கடக்க முடியுமா?

மறுமொழி: எல்லைக்கல்

விசாவை முதலில் முடித்துவிடலாம். அல்பேனியா ஷெங்கனில் இல்லை. ஆனாலும் பலமுறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா காலாவதியாகாமல் இருந்து, அதை வைத்து ஏற்கெனவே ஒரு ஷெங்கன் நாட்டுக்குள் நுழைந்திருந்தால் தனி விசா கேட்பதில்லை. நீங்கள் இத்தாலியிலிருந்து வருவதால் இரண்டாவது நிபந்தனை தானாகவே நிறைவேறிவிடும்.

சிக்கல் ஒருமுறை நுழைவு விசாவில்தான். இத்தாலியை விட்டு வெளியேறியதும் அது தீர்ந்துபோகும். திரும்பும் விமானம் ரோமிலிருந்து என்றால் மாட்டிக்கொள்வீர்கள். அம்மாவின் விசாவைத் தனியாக எடுத்துப் பாருங்கள். ஒரே குடும்பத்தில் ஒருவருக்குப் பலமுறை, இன்னொருவருக்கு ஒருமுறை என்று கொடுப்பது உண்டு. டிக்கெட் போடும் முன் அல்பேனிய வெளியுறவு அமைச்சகத் தளத்தில் அன்றைய விதியையும் பார்த்துவிடுங்கள்.

போகும் வழி: இத்தாலியின் பாரி துறைமுகத்திலிருந்து அல்பேனியாவின் துரெஸ் துறைமுகத்துக்கு இரவுக் கப்பல், அல்லது தலைநகர் திரானாவுக்கு விமானம். ஏரிக்கும் மலைக்கும் கிளம்ப வேண்டிய ஊர் ஷ்கோடர்; திரானாவிலிருந்து சுமார் 100 கி.மீ., பேருந்தில் 2 மணி நேரம். ரயிலைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இத்தாலிய சிம்மும் அங்கே இத்தாலியில்போல இலவசமாக வேலை செய்யாது, ஐரோப்பிய ஒன்றிய ரோமிங் சலுகை அல்பேனியாவுக்குப் பொருந்தாது. டேட்டாவை அணைத்துவிட்டு உள்ளூர் சிம் வாங்குங்கள். மலைக்குள் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும் என்பதால் வரைபடத்தை ஷ்கோடரிலேயே தரவிறக்கிவிடுங்கள்.

மறுமொழி: படகுத்துறை

இந்தச் சுற்றுக்கு ஆணிவேர் காலை 9 மணிப் படகுதான். மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்க.

ஷ்கோடர்லருந்து கோமானுக்கு 60 கி.மீ.க்குள்ளதான், ஆனா ரோடு மோசம், 2 மணி நேரம் ஆகும். அதனால மினிபஸ் காலை 6:30 வாக்குல கிளம்பிடும். முந்தின இரவு ஷ்கோடர்லயே தங்கியே ஆகணும். திரானாலருந்து விடிகாலையில கிளம்பிப் பிடிச்சிடலாம்னு நினைக்காதீங்க. மினிபஸ், படகு, அந்தப் பக்கம் வல்போனா வரைக்குமான வண்டி மூணுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டா ஷ்கோடர் விடுதிகள்லயே வாங்கலாம். தனித்தனியா வாங்கினா, படகு போய்ச் சேர்ற ஃபியர்ஸா துறையில இறங்கினதும் வண்டி தேடணும், வீண் வேலை.

கோமான்ங்கிறது இயற்கை ஏரி இல்ல, த்ரின் ஆத்துல அணை கட்டித் தேக்கின தண்ணி. அதனாலதான் செங்குத்துப் பாறைக்கு நடுவுல குறுகலா வளைஞ்சு வளைஞ்சு போகும். ஃபியர்ஸா வரை இரண்டரையிலருந்து 3 மணி நேரம். மேல்தளத்துல உட்காருங்க, உள்ள இருந்தா ஒண்ணும் தெரியாது. காலையில காத்து சில்லுன்னு இருக்கும், ஸ்வெட்டர் கைப்பையில இருக்கட்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். 'கோமான் படகு'ன்னு விக்கிற பல ஒருநாள் டூர் ஷாலா ஆத்துக்குப் போய்ட்டு திரும்ப கோமானுக்கே வந்துடும். அதுல ஏறினா வல்போனா போய்ச் சேர மாட்டீங்க. டிக்கெட்ல 'ஃபியர்ஸா'ன்னு இருக்கான்னு பாருங்க.

பெரிய பெட்டியை ஷ்கோடர் விடுதியில விட்டுட்டு சின்னப் பையோட போங்க. கணவாய்ல பை சுமக்கக் கழுதை, குதிரை வாடகைக்குக் கிடைக்கும். நிதானமா 9 மணி நேரம் எடுத்து நடந்தா அம்மாவும் கடந்துடலாம்னு நினைக்கிறேன்.

மறுமொழி: சரளைக்கல்

மேலே சொன்னதில் கடைசி வரியை மட்டும் நான் ஏற்கவில்லை. இவருடைய அம்மாவுக்குச் சிக்கல் ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில்.

வல்போனா ஏறத்தாழ 950 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கணவாய் 1,800 மீட்டருக்குச் சற்றுக் கீழே, தெத் 750 மீட்டரை ஒட்டி. ஆக, 850 மீட்டர் ஏறி 1,000 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். தெத் பக்கம் பீச் மரக்காட்டுக்குள் செங்குத்தான வளைவுகள், உருளும் கற்கள், மழை பெய்திருந்தால் சேறும் உண்டு. களைத்துப்போன கால்களோடு இறங்குவது அந்த இடத்தில்தான். நடுவில் வண்டிச்சாலை ஒன்றுகூடக் கிடையாது. பாதி வழியில் முழங்கால் பிடித்துக்கொண்டால் முன்னேயும் போக முடியாது, பின்னேயும் போக முடியாது. திசையை மாற்றி தெத்திலிருந்து ஏறினாலும் வல்போனா பக்கம் 850 மீட்டர் இறங்கித்தான் தீர வேண்டும். வழக்கமாக நடப்பவர்களுக்கே 6 முதல் 8 மணி நேரம் ஆகும் பாதை இது. மதியத்துக்குப் பிறகு இடிமழை வந்தால் கணவாயில் ஒதுங்க இடமில்லை.

அம்மாவை வைத்து நான் போடும் திட்டம் இது. முதல் நாள் ஷ்கோடர். இரண்டாம் நாள் 9 மணிப் படகில் ஃபியர்ஸா போய், அங்கிருந்து மதியம் 1 மணியளவில் கிளம்பும் படகிலேயே திரும்பி, மாலை ஷ்கோடர். ஏரியின் முழு அழகும் ஒரு படி ஏறாமல் கிடைத்துவிடும். மூன்றாம் நாள் சாலை வழியாக தெத்; தோரெ கணவாய் வழிச் சாலைக்குத் தார் போட்டுவிட்டார்கள், இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம். வளைவுகள் அதிகம், வாந்தி வருபவர் என்றால் மாத்திரை முன்கூட்டியே. தெத்தில் 2 இரவு. கல் தேவாலயம், பழிக்குப்பழி வழக்கத்துக்கு அஞ்சியவர்கள் அடைந்து கிடந்த கற்கோபுரம், இரண்டும் கிராமத்துக்குள்ளேயே இருக்கின்றன. க்ருனாஸ் அருவிக்கு ஒரு மணி நேர நடை. நீலக்கண் ஊற்றுக்கு கிராமத்திலிருந்தே நடக்காதீர்கள், ந்தெர்லிசாய் என்ற ஊர் வரை வண்டியில் போனால் மிச்சம் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். ஐந்தாம் நாள் காலை வண்டியில் ஷ்கோடர். திரும்பும் வண்டியில் இருக்கைக்கு முந்தைய மாலையே விடுதிக்காரரிடம் சொல்லி வையுங்கள்.

வல்போனா விட்டுப்போகும், உண்மைதான். அது தனியே போகும்போது பார்க்க வேண்டிய இடம்.

கேள்வி: நடைவண்டி

விசாவைப் பார்த்தேன், இருவருக்கும் பலமுறைதான். கணவாயை விட்டுவிட்டு சரளைக்கல் சொன்ன திட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். பணம், சாப்பாடு எப்படி?

மறுமொழி: சோளரொட்டி

தெத்தில் ஏடிஎம் கிடையாது, அட்டையை எல்லா விடுதியும் வாங்காது. தேவையான மொத்தத்தையும் ஷ்கோடரிலேயே எடுத்துவிடுங்கள். பல ஏடிஎம்களில் கட்டணம் அதிகம், அதனால் ஒரே தடவையில் பெரிய தொகையாக எடுப்பது நல்லது. திரையில் உங்கள் ஊர்ப் பணத்தில் கணக்குக் காட்டி ஒப்புதல் கேட்டால் மறுத்துவிட்டு அல்பேனிய நாணயமான லெக்கிலேயே எடுங்கள். ஒரு யூரோவுக்கு 100 லெக்கை ஒட்டி வரும். விடுதிகளில் யூரோ நோட்டும் செல்லும், ஆனால் மீதி லெக்கில் தருவார்கள்.

விலை கேட்கும்போது கவனம். 1965இல் நாணயத்தில் ஒரு பூஜ்யத்தைக் குறைத்தார்கள், இன்றும் பலர் பழைய கணக்கில்தான் பேசுவார்கள். காய்கறிக்காரர் ஐயாயிரம் என்றால் 500 லெக் என்று பொருள். ஏமாற்றுவதாக எண்ணிப் பதற வேண்டாம். எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

தெத்தில் உணவகங்களைவிட விடுதிச் சாப்பாடுதான் முக்கியம், இரவு உணவும் காலை உணவும் வாடகையோடு சேர்ந்தே இருக்கும். சைவம் என்பதை அறை பதியும்போதே எழுதுங்கள், போய்ச் சேர்ந்த பிறகு சொன்னால் சமைத்து முடித்திருப்பார்கள். 'பா மிஷ்' என்றால் இறைச்சி இல்லாமல். ஆனால் அதைச் சொன்னாலும் சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கலாம், தனியாகக் கேளுங்கள். தயிர், வெள்ளைப் பாலாடைக்கட்டி, சோள ரொட்டி, வறுத்த மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு தாராளமாகக் கிடைக்கும். கீரை அல்லது பாலாடைக்கட்டி வைத்த பியூரெக் என்ற அடுக்கு மாவுப் பலகாரத்தை ஷ்கோடரில் காலையிலேயே வாங்கி வைத்துக்கொண்டால் படகுப் பயணத்துக்கு உதவும்.