ஆர்சியில் இன்னும் ஹைப்போதிகேஷன் (கடனுக்கான அடமானப் பதிவு) இருக்கிறது, பெயர் மாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. திருச்சியில் 2016 மாடல் ஸ்விஃப்ட் ஒன்று பேசி முடித்து 50,000 அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். விற்பவர் கடனை 2020லேயே கட்டி முடித்துவிட்டார், ஆனால் ஆர்சியில் ஹைப்போதிகேஷனை நீக்கவே இல்லை, அரசின் பரிவாகன் வாகனப் பதிவுத் தளத்திலும் அந்த ஃபைனான்ஸ் கம்பெனி பெயர்தான் காட்டுகிறது. அப்போது அவர்களிடம் வாங்கிய என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) கையில் இருக்கிறது, மூன்று மாதம்தான் செல்லும் என்று அதிலேயே போட்டிருக்கிறார்கள்.

ஹைப்போதிகேஷனை நீக்கும் படிவம் 35இல் ஃபைனான்ஸ்காரர் கையெழுத்து வேண்டும், அவர்கள் சம்மதம் இல்லாமல் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கொடுத்தாலும் பெயர் மாறாது. இதில் அந்தக் கம்பெனி வேறொன்றோடு இணைந்து, பழைய கிளையையும் மூடிவிட்டார்கள்.

இப்படி இணைந்த கம்பெனியிடம் புது என்ஓசி வாங்கிய யாராவது இருக்கிறீர்களா? கடன் எண் இல்லாமல் வண்டி எண்ணை வைத்தே கேட்க முடியுமா? நீக்கத்தையும் பெயர் மாற்றத்தையும் ஒரே நாளில் கொடுக்கலாமா?

"வண்டியை எடுத்துட்டுப் போங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார் விற்பவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. நாளை ஒரு விபத்து என்றால் ஆர்சியில் பெயர் உள்ள அவர்தானே நஷ்டஈட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும், பாவம், அது அவருக்கே புரியவில்லை. மீதிப் பணத்தை வெள்ளிக்கிழமை தர வேண்டும், தெரிந்தவர்கள் அதற்குள் சொல்லுங்கள்.