ஊதாவும் றோஸும் கலந்து ரியூலிப்: எந்தக் கிழங்கு வாங்குறது?

முற்றத்துமல்லி
வணக்கம். கனடாவில, ஸ்காபரோவில எங்கட வீட்டு வாசல்படிக்குப் பக்கத்தில, எட்டடி நீளம் மூண்டடி அகலத்தில ஒரு பாத்தி சும்மா கிடக்குது. மகளுக்கு அதில ஊதாவும் றோஸும் கலந்து ரியூலிப் வேணுமாம். கடையில "ஊதா–றோஸ் கலவை" எண்டு 50 கிழங்குப் பை ஒண்டு தொங்குது. என்ன இனமெண்டு பேர் போடேல்லை. வாங்கலாமோ? ரெண்டு நிறமும் ஒரே நேரத்தில பூக்கவேணும், இல்லாட்டி மகள் விடமாட்டாள். களிமண். அணில் தொல்லை வேற.

பனங்கூடல்
அணிலுக்கு ஒரே வழி கம்பி வலைதான். நட்டு மூடினவுடன மேல விரிச்சு, ஓரத்தில கல்லு வையுங்கோ. எலும்புத்தூள் போடச் சொல்லுவினம், போடாதேங்கோ. அந்த மணத்துக்கே அணில் வந்து கிண்டும். மிளகாய்த்தூள் ஒரு மழையோட சரி.

வடலி மாமி
பிள்ளை, அந்தப் பையை விடும். கலவை எண்டு விக்கிறவையில கனபேர் நிறத்தைத்தான் கலக்கினம், பூக்கிற நேரத்தைப் பாக்கிறேல்லை. றோஸ் முந்திப் பூத்துக் கொட்டுண்டு போக, ஊதா பிறகு தனிய நிக்கவும் கூடும். பேர் போட்ட இனமா ரெண்டு வாங்கி, கலக்கிற வேலையை நீரே செய்யும்.

ரியூலிப்பில முந்தினது, நடு, பிந்தினது எண்டு இருக்கு. எங்கட பக்கம் நடுவில பூக்கிறது மே முதல் பாதி, பிந்தினது மே கடைசிப் பாதி. குளிரைப் பொறுத்துக் கொஞ்சம் தள்ளிப்போகும். நடுவில வேணுமெண்டா ஊதாவுக்கு நெக்ரீட்டா, றோஸுக்கு மிஸ்ட்ரெஸ். ரெண்டும் ட்ரையம்ப் வகை, தண்டு உறுதி, காத்துக்குச் சரியாது. பிந்தினதெண்டா குயீன் ஒஃப் நைட், அதோட மென்ரன். குயீன் ஒஃப் நைட்டைக் கறுப்பெண்டு சொல்லி விப்பினம். வெயில் படேக்க பாரும், நாவற்பழத் தோல்தான். மென்ரன் கொஞ்சம் செம்மஞ்சள் ஓடின றோஸ். ரெண்டும் இரண்டடி வளரும். முன்வரிசைக்கு ஏஞ்சலிக் வைச்சாலும் வடிவு, அடுக்குப் பூ, கட்டை. எனக்குப் பிடிச்சது இந்தப் பிந்தின சோடிதான். நடுப் பருவத்தில தெரு முழுக்கப் பூ, உம்முடையதை ஆர் பாக்கிறது?

எண்ணிக்கைக்கு வாறன். அஞ்சங்குல இடைவெளிக்கு உந்தப் பாத்தி 130 கிழங்குக்கு மேல கொள்ளும். 100 எண்டாலும் போடும், 50 ஐதாத் தெரியும். சரிக்குச் சரி வேண்டாம். றோட்டில நிண்டு பாத்தா கரும் ஊதா மண்ணோட மறைஞ்சுபோகும், ஆனபடியா றோஸ் 60, ஊதா 40. ரெண்டையும் ஒரு வாளியில கொட்டிக் கலந்து, பாத்தியில விசிறி, விழுந்த இடத்திலேயே நடும்.

களிமண்ணுக்கு ஆறங்குல ஆழம் காணும், கூர் மேல பாக்க. கொம்போஸ்ட் கலந்து பாத்தியைக் கொஞ்சம் உயர்த்தும். தண்ணி தேங்கினா கிழங்கு அழுகிப்போகும். ஒக்டோபர் நடுவுக்கும் நொவம்பர் நடுவுக்கும் இடையில நட்டா நல்லது. அதுவரைக்கும் குளிரான, காத்துப்படுற இடத்தில இருக்கட்டும். அப்பிளுக்குப் பக்கத்தில மட்டும் வையாதையும், பழம் விடுற எத்திலீன் வாயு கிழங்குக்குள்ள இருக்கிற மொட்டைக் கெடுத்துப்போடும்.

தேம்ஸ்கரை
லண்டனில நாங்கள் நொவம்பருக்கு முதல் நடுறேல்லை மாமி. மண் சூடா இருக்கேக்க நட்டா ரியூலிப் ஃபயர் எண்ட பூஞ்சண நோய் வரும் எண்டு பயம். அங்கயும் கொஞ்சம் பொறுத்தா என்ன?

வடலி மாமி
தம்பி, உங்க டிசம்பரிலும் மண்வெட்டி இறங்கும். இஞ்ச நிலம் இறுகிப்போகும். அதுக்கு முதல் வேர்விடக் கிழங்குக்குச் சில கிழமை வேணும். ஒரே இடத்தில வருசாவருசம் நடாதேங்கோ எண்டுறது ரெண்டு ஊருக்கும் பொருந்தும்.

முற்றத்துமல்லி
நன்றி மாமி, பிந்தின சோடியே எடுக்கிறன். அடுத்த வருசமும் பூக்குமோ, இல்லாட்டிக் கிண்டி எறியிறதோ?

வடலி மாமி
முதல் வருசம் மாதிரி வராது. நட்ட கிழங்கு பூத்து முடியக் கரைஞ்சுபோகும். பக்கத்தில குட்டிக் கிழங்குகள் விடும், அதுகள் பருத்தாத்தான் பூ. பூத் தலையைக் கிள்ளிப்போட்டு, இலை தானா மஞ்சளாகுமட்டும் விடும். பாக்க வடிவில்லைத்தான், வாசலில எல்லோ நிக்குது, எண்டாலும் வெட்டாதையும். வருசாவருசம் திரும்பி வரவேணுமெண்டா டார்வின் ஹைபிரிட் வகை நல்லது, பிங்க் இம்ப்ரெஷன் மாதிரி. ஆனா அது குயீன் ஒஃப் நைட்டுக்கு முந்திப் பூத்திடும், உம்மட மகள் சண்டைக்கு வருவாள்.

முற்றத்துமல்லி
😄 வேண்டாம், வேண்டாம். பனங்கூடல் அண்ணா, வலை எத்தினை அங்குலக் கண்?

பனங்கூடல்
ஒரு அங்குலம். வசந்தத்தில முளை தெரிஞ்சவுடன கழட்டுங்கோ தங்கச்சி, பிந்தினா இலை சிக்கிக் கிழியும். கழட்டின வலையை எறியாதேங்கோ. மொட்டுக் கடிக்க முயல் வரும், அப்ப சுத்தி வேலியாக் கட்டலாம்.