ஆப்ஷன் பிரீமியத்தை முடிவு செய்வது சூத்திரமா, சந்தையா?

சந்தைவாசி:
புதிதாக ஆப்ஷன் (குறித்த விலையில் பங்கை வாங்கவோ விற்கவோ உள்ள உரிமை) பக்கம் வருபவர்களை "முதலில் பிளாக்-ஷோல்ஸ் விலைச் சூத்திரத்தைப் படி" என்று விரட்டுவது வீண் வேலை. வாங்குபவரும் விற்பவரும் ஒத்துக்கொள்ளும் ஆப்ஷன் விலைதான் பிரீமியம். 1973ல் வந்த சூத்திரத்தைப் பார்த்தா ஆர்டர் போடுகிறார்கள்? ஏறும் என்று தோன்றினால் கால் (வாங்கும் உரிமை), இறங்கும் என்றால் புட் (விற்கும் உரிமை). அவ்வளவுதான்.

கணக்கன்:
அந்த "ஏறினால் கால்"தான் ஆளைக் கவிழ்க்கிறது. பங்கு 100, ஸ்ட்ரைக் (உரிமையில் குறித்த விலை) 100, எக்ஸ்பயரிக்கு (உரிமை முடியும் நாளுக்கு) 7 நாள், நாளை நிறுவனத்தின் காலாண்டு முடிவு. ஐவி (பிரீமியத்தில் பொதிந்துள்ள, சந்தை எதிர்பார்க்கும் ஆண்டு ஏற்ற இறக்கம்) 60%. வட்டியை விட்டுவிட்டால் கால் 3.31. முடிவு நன்றாக வந்து பங்கு 102 ஆகிறது, ஐவி 30%க்குச் சரிகிறது. இப்போது அதே கால் 2.75தான். திசை சரி, கையில் 0.56 நட்டம். உள்ளார்ந்த மதிப்பு (பங்கு விலை ஸ்ட்ரைக்கைத் தாண்டிய அளவு) 2 கூடியது. கால மதிப்பு (பிரீமியத்தில் மீதி) 3.31லிருந்து 0.75க்கு வந்துவிட்டது.

சந்தைவாசி:
ஐவி தானாகவா விழுந்தது? எல்லோரும் விற்றார்கள், விலை இறங்கியது, அந்த விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டதுதான் ஐவி. விளைவைக் காரணம் என்கிறீர்கள்.

கணக்கன்:
பின்னோக்கி எடுப்பதுதான், மறுக்கவில்லை. ஆனால் பிரீமியம் 3 என்றால் மலிவா, கிராக்கியா? நாளும் ஸ்ட்ரைக்கும் வேறான இரண்டு ஆப்ஷன்களை ஒரே தராசில் வைக்கத்தான் ஐவி. பங்கு விலைக்குச் சமமான ஸ்ட்ரைக் என்றால் மனக்கணக்கே போதும்: 0.4 × பங்கு விலை × ஐவி × (நாள்/365)ன் வர்க்கமூலம். பங்கு 100, ஐவி 20% என்றால் 30 நாளுக்கு 2.29, 15 நாளுக்கு 1.62, 7 நாளுக்கு 1.11, கடைசி நாளில் 0.42. முதல் 15 நாளில் 0.67தான் கரைகிறது, மீதி 1.62 அடுத்த 15 நாளில். "ஒரு மாசம் இருக்கே" என்று வாங்கி, கடைசி வாரம் வரை வைத்திருப்பவர் மாட்டுவது இங்கேதான்.

கடைசி பெஞ்ச்:
நடுவில் ஒன்று. சந்தை தன் இஷ்டத்துக்கு விலை வைக்க முடியாது. பங்கு 101, ஸ்ட்ரைக் 100, கால் 4, புட் 1 என்று இருந்தால் கால் ஆப்ஷனை விற்று, புட்டையும் பங்கையும் வாங்குபவருக்கு எக்ஸ்பயரியில் எந்த விலையானாலும் 2 உறுதி (எக்ஸ்பயரியில் மட்டும் செயல்படுத்தும் வகை, டிவிடெண்டும் வட்டியும் இல்லை எனில்). அப்படி நாலு பேர் புகுந்தால் இடைவெளி மூடிவிடும். காலுக்குக் கிராக்கி வந்தால் புட்டும் சேர்ந்து ஏறுவது இதனால்தான். இன்னொன்று: கடைசியாக வர்த்தகமான விலையில் ஐவி எடுக்காதீர்கள், அது மணிக்கணக்கில் பழசாக இருக்கலாம். வாங்க வருபவர் சொல்லும் விலை 1.80, விற்க வருபவர் சொல்லும் விலை 2.60 என்றால் நடுவிலுள்ள 2.20ல் எடுங்கள்.

சந்தைவாசி:
இது நியாயம். ஆனால் சூத்திரம் எல்லா ஸ்ட்ரைக்குக்கும் ஒரே ஏற்ற இறக்கம் என்கிறது. 1987 அக்டோபர் சரிவுக்குப் பிறகு குறியீட்டு ஆப்ஷன்களில் கீழ் ஸ்ட்ரைக் புட்களின் ஐவி பொதுவாக உயர்ந்தே நிற்கிறது. பழைய ஏற்ற இறக்கத்தைக் கால்குலேட்டரில் போட்டு, "புட் விலை அதிகம்" என்று விற்பவரின் கணக்கு ஒரே சரிவில் காலி.

கணக்கன்:
அதில் உங்கள் பக்கம்தான். அளவுகோலை நீதிபதியாக்கக் கூடாது. வாங்கும் முன் ஐவி, முடிவு வரும் தேதி, வேகா (ஐவி ஒரு புள்ளி மாறினால் பிரீமியம் மாறும் அளவு) மூன்றையும் பார்த்தால் போதும். மேலே சொன்ன 30 நாள் காலின் வேகா 0.11, ஐவி 5 புள்ளி விழுந்தால் சுமார் 0.57 போகும்.

சந்தைவாசி:
பார்க்கட்டும். எக்ஸ்பயரி அன்று பங்கு விலைக்குத் தூரமான ஸ்ட்ரைக்கில் 0.05க்குக் கிடப்பதற்கு வேகா ஏறக்குறைய பூஜ்யம். அங்கே ஸ்பிரெட்தான் (வாங்குபவர், விற்பவர் சொல்லும் விலைகளின் இடைவெளி) முழுக் கணக்கும். லிமிட் ஆர்டர் (நீங்கள் குறித்த விலையிலோ அதைவிடச் சாதகமாகவோ மட்டும் நிறைவேறும் ஆர்டர்) இல்லாமல் தொடாதீர்கள்.